வராதவர்களின் பங்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்றேகால் மணிக்கு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் ஊர்த் தெருவில் ஓடினேன். ஐம்பதை நெருங்கிய ஒரு லெப்டினன்ட் கர்னல், தேவாலயத்தில் ஊருக்கே சோறு போடும் அசனத்தன்று அப்படி ஓடினால், கறி தீர்ந்துபோய்விட்டது என்றுதான் ஊர் நினைக்கும். நினைத்துக்கொள்ளட்டும். நான்கு மணிக்கு வேறொரு கண்டத்தில் ஒருவர் ஓர் ஆணையில் கையெழுத்துப் போடப் போகிறார். அதன் உணவுப் பிரிவில் பதினேழாம் பத்தி நான் எழுதியது. அது தப்பு என்று எனக்குத் தெரிந்து சில நிமிடம்தான் ஆகியிருந்தது.

அந்தப் பத்தி எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதமாக நான் ஒரு வெளிநாட்டு நகரத்தில் இருந்தேன். பத்துப் பன்னிரண்டு நாட்டு ராணுவ அதிகாரிகள், ஒரு பெரிய கூடம், சுவர் நிறைய வரைபடம், வாயில் வைக்க முடியாத காப்பி. உள்நாட்டுச் சண்டை நின்று சில வாரங்களே ஆன ஒரு நாட்டில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு போயிருந்தது. சண்டை போட்ட இரண்டு தரப்புக்கும் நடுவே எங்கள் படைகள் போய் நிற்க வேண்டும். அந்தப் பாதுகாப்பில், மேடுகளில் ஒதுங்கியிருக்கிற மக்களுக்கு உணவு போய்ச் சேர வேண்டும். அதற்கான திட்டத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தோம். லாரியிலிருந்து சாக்கு இறங்கியது முதல் அது ஒருவர் கையில் சேரும் வரைக்கும் என் பொறுப்பு.

என் சுபாவத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு வரிசை பிடிக்கும். வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பைக்கூட அளவு பார்த்து அடுக்குவேன் என்று என் அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், அது உண்மைதான். பதினேழாம் பத்தியை அந்தச் சுபாவத்தோடுதான் எழுதினேன். வரிசையில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு மூட்டை. வாங்கியவர் விரலில் மை. மை வைத்த விரலோடு மறுபடி வந்தால் வெளியே அனுப்ப வேண்டும். கூட்டம் அடங்கவில்லை என்றால் வாசலை மூட வேண்டும். அதற்கு அடுத்த கட்டம் என் கையில் இல்லை, அதைப் பாதுகாப்புப் பிரிவினர் எழுதியிருந்தார்கள். வாசல் மூடிய பிறகு வேலியைத் தாண்டி வருகிறவர் யாராயிருந்தாலும் தாக்க வருகிறவராகக் கருதப்படுவார். அதாவது, சிப்பாய் சுடலாம்.

எங்கள் கூடத்தில் ராணுவத்தைச் சேராத ஒரு பெண்மணி இருந்தார். அகதி முகாம்களில் உணவு கொடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவர். அவர் ஒருவர்தான் என் பத்தியைப் பிடித்துக்கொண்டார். "வரிசைக்கு வர முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? கிழவர்கள், காயம்பட்டவர்கள், பிள்ளை பெற்றவர்கள். அவர்களுக்காக இன்னொருவர் இரண்டாம் தடவை வருவார். நீங்கள் அவருக்கு முன்னால் வாசலைச் சாத்துவீர்கள்" என்றார்.

நான் சிரித்தேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. எங்கள் ஊர்ச் சபையில் வருடந்தோறும் ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நாளில் சோறு போடுகிறோம், சின்ன வயதிலிருந்து வாளி தூக்கியவன் நான், ஒரே வாசல், ஆளுக்கு ஓர் இலை, இன்றுவரை ஒரு தள்ளுமுள்ளு கிடையாது என்று நீட்டி முழக்கினேன். திட்டத்துக்குத் தலைவர் பனி நாட்டுக்காரரான ஒரு கர்னல், அதிகம் பேசாதவர். "இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பத்தி இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். அந்தப் பெண்மணி தன் நோட்டை மூடினார். நான் வெற்றி பெற்ற மிதப்பில் இரண்டாவது காப்பியும் குடித்தேன்.

ஆணை தயாராகி எல்லா நாட்டுத் தலைநகரங்களுக்கும் ஒப்புதலுக்குப் போனது. அந்த இடைவெளியில் எனக்குப் பத்து நாள் விடுப்பு கிடைத்தது. காகிதம் எதையும் கொண்டுவரக் கூடாது, திட்டத்தைப் பற்றித் தொலைபேசியில் பேசக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஞாயிறு, நம் நேரம் மாலை நான்குக்குக் கையெழுத்து. போட்டுவிட்டால் படைகள் கிளம்பிவிடும். பிறகு ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானாலும் எல்லாத் தலைநகரமும் தலையாட்ட வேண்டும்.

குமரி மாவட்டத்தில், அஞ்சுகிராமத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது எங்கள் ஊர். நான் வந்து இறங்கிய வாரம்தான் அசனப் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, சாதி மதம் பார்க்காமல் வருகிறவர்கள் எல்லாருக்கும் சோறும் ஆட்டுக்கறியும் போடுவோம். அக்காவின் கணவர்தான் கமிட்டிச் செயலாளர். பலசரக்குக் கடை வைத்திருப்பவர், யாரையும் அதட்டத் தெரியாத மனிதர். "மக்கா, நீ மிலிட்டரிக்காரன். இந்த வருசம் வாசல நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். கரும்பு தின்னக் கூலியா என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை முழுக்க எனக்கு அதே வேலை. மூங்கில் நட்டுக் கயிறு கட்டி, வாசலிலிருந்து பந்தல் வரை ஆள் ஒருவர் மட்டும் போகிற மாதிரி வழி அமைத்தேன். விரலில் வைக்க மைக்குப்பி வாங்கினேன். தேர்தலா நடக்கிறது என்று கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். வளாகத்தைச் சுற்றி வந்தபோது சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சின்ன இரும்புக் கதவு திறந்து கிடந்தது. பூட்டச் சொன்னேன்.

அத்தான் தலையைச் சொறிந்தார். "அது வேண்டாம் மக்கா. அங்கின கொஞ்சம் பேரு வருவாவ."

"யாரானாலும் முன்வாசல் வழியா வரட்டும் அத்தான். ரெண்டு வாசல் இருந்தா ஒரு வாசலையும் பாக்க முடியாது."

ஆடு வந்து இறங்கிவிட்டது என்று அந்த நேரம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார். நான் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். 

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தது. கயிற்றுக்குள் சனம் ஒழுங்காக நகர்ந்தது. விரலில் மை, கையில் இலை, பந்தலில் இடம். இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி. எனக்கு உச்சி குளிர்ந்தது. திரும்பிப் போனதும் அந்தப் பெண்மணியிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு மேல் வரிசை மாறியது. ஆண்கள் குறைந்து பெண்கள் கூடினார்கள். எல்லார் கையிலும் தூக்குவாளி. எல்லார் விரலிலும் மை. பின்வாசல் பூட்டிக் கிடக்கிறது, அதனால் இங்கே வந்தோம் என்றார்கள். வீட்டில் படுத்திருக்கிற மாமியாருக்கு, நடக்க முடியாத அப்பாவுக்கு, பேறு முடிந்த மகளுக்கு என்று ஆளுக்கொரு காரணம். எதுவும் எனக்கு ஏறவில்லை. விரலைப் பார்த்தேன், திருப்பி அனுப்பினேன். திரும்பியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. வாசலுக்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சாப்பிடாதவர்களும் வந்து சேர்ந்தார்கள். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

அப்போது என் முன்னால் வந்து நின்றவள் எட்டாம் வகுப்பு வரை என்னோடு படித்தவள். கீரிப்பாறைக்கு வாக்கப்பட்டுப் போய் அங்கே அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். விடியற்காலையில் எஸ்டேட் பஸ் பிடித்து, நாகர்கோவிலில் மாறி, அசனத்துக்காக வந்திருந்தாள். 

"லே, வாளியப் பிடி. சோறு கொஞ்சம் போட்டாலும் கறியக் கொஞ்சம் கூடப் போடச் சொல்லு."

"நீ சாப்பிட்டாச்சே. விரல்ல மை இருக்கு."

"நான் தின்னேன். இது எனக்க ஆளுக்கு. மலையில வெட்டப் போன எடத்துல சறுக்கி விழுந்து இடுப்பு போச்சுல்லா. எட்டு மாசமா கட்டில்ல கெடக்கியாரு. வருசா வருசம் வந்து தின்ன மனுசன். இன்னைக்கு அசனம்னு விடியங்காலமே முழிச்சுக் கெடந்தாரு கேட்டியா."

"வந்தவங்களுக்குத்தான். எல்லாருக்கும் ஒரே சட்டம்."

அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "எனக்க கணக்க எட்டிப் பாத்து எழுதிப் பாசானவன், எனக்கே சட்டம் சொல்லுகான்."

சிரிப்பு எழுந்தது. லே என்று கூப்பிட்டதை நான் பொறுத்திருப்பேன். சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணிந்துவிடும். தொண்டர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, ஒரு மூங்கிலை வாசலுக்குக் குறுக்கே பிடிக்கச் சொன்னேன். பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை. அவர்கள் நெருக்கினார்கள். மூங்கில் அவள் நெஞ்சில் அழுந்தியது. "லே, மூச்சு முட்டுகு" என்றாள்.

அந்த நேரத்தில் மனிதன் செய்ய வேண்டியது மூங்கிலை எடுப்பது. நான் செய்தது வேறு. என் தலைக்குள் பதினேழாம் பத்தியின் கடைசி வரி ஓடியது. கூட்டம் அடங்கவில்லை என்றால் வாசலை மூடு. 

"கேட்ட மூடு" என்றேன்.

கேட் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம்தான் வினை. கேட்டை மூடுகிறார்கள் என்றால் சோறு தீர்ந்தது என்று அர்த்தம். கூட்டத்தின் கடைசி வரைக்கும் அது ஒரு நொடியில் போய்ச் சேர்ந்தது. சோறு தீந்து போச்சு, சோறு தீந்து போச்சு. அதுவரை நெருக்கிக்கொண்டிருந்த சனம் தள்ள ஆரம்பித்தது. மூங்கில் முறிந்தது. அவள் முழங்கால் மடிந்து கீழே போனாள். வாளி உருண்டது. ஒருத்தியின் காலுக்கடியில் அவளுடைய கையைப் பார்த்தேன். நான் கத்தினேன், யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை.

என்னைக் காப்பாற்றியது அத்தான். சமையல் கொட்டகைப் பக்கமிருந்து டமார் என்று ஒரு சத்தம். சாவி என் பையில் இருந்ததால் அவர் அம்மிக்குழவியால் பூட்டை உடைத்திருக்கிறார். பிறகு மைக்கில் அவர் குரல், எப்போதும் போல நிதானமாக. "வாளி கொண்டு வந்தவங்க பின்வாசலுக்கு வாங்க. சோறு இருக்கு. பைய வாங்க." இவ்வளவுதான் சொன்னார். இரண்டு நிமிடத்தில் வாசல் காலியானது. வரிசையாக நிற்கச் சொல்லி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

அவளைத் தூக்கி உட்கார வைத்தோம். மணிக்கட்டு வீங்கியிருந்தது, வேறு பெரிய காயம் இல்லை. எங்கள் கோயில் வாசலில் துப்பாக்கி வைத்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. அந்த ஒரே காரணத்தால்தான் அவள் உட்கார்ந்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

அத்தான் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சங்கடப்பட்டார்.

"நேத்தே சொல்லியிருக்கணும் மக்கா. ஜெபம் முடிஞ்சதும் மொதல்ல இறக்குற கிடாரம் பந்திக்குப் போகாது. வராதவங்க பங்கு. அத இங்கின வச்சுத்தான் வாளியில போடுவோம். வராதவனுக்கு ஒதுக்கிப்போட்டுத்தான் வந்தவனுக்கு. கதவு பூட்டிக் கெடந்ததுனால இன்னைக்கு அந்தக் கிடாரமும் பந்திக்குப் போச்சு."

"எனக்கு இது தெரியாதே அத்தான்."

"நீ என்னைக்குப் பின்வாசலுக்கு வந்திருக்க?"

வந்ததே இல்லை. ஆண்பிள்ளைகள் பந்தலில் வாளி தூக்குவோம், எல்லார் கண்ணிலும் படுகிற வேலை. பின்வாசல் பெண்கள் பக்கம். எங்கள் அசனத்தில் தள்ளுமுள்ளு இல்லாமல் இருந்ததற்கு அந்தச் சின்னக் கதவுதான் காரணம். பாதி அசனத்தை மட்டும் பார்த்தவன், அதைச் சாட்சியாக வைத்துப் பத்துப் பன்னிரண்டு நாட்டு ராணுவத்துக்கு விதி எழுதியிருக்கிறேன். அந்த மேடுகளில் மை வைத்த விரலோடு இரண்டாம் தடவை வருகிற ஒருத்தியை நினைத்தேன். அவள் முன்னால் வாசல் மூடும். பின்னால் இருப்பவர்கள் தள்ளுவார்கள். அவள் வேலிமேல் விழுவாள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று பாதுகாப்புப் பிரிவினர் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பதினைந்து. தொலைபேசி அக்கா வீட்டில் இருந்தது. கொட்டகையைத் தாண்டும்போது பின்வாசலில் அவள் நிற்பது தெரிந்தது, வீங்கிய கையை மார்போடு வைத்துக்கொண்டு, மறுகையில் வாளியோடு. அவளுக்கு முன்னால் இன்னும் நிறையப் பேர். என்னைப் பார்த்து, "லே, எனக்கு மூணரைக்குப் பஸ். இல்லன்னா மலைக்குக் கடைசி வண்டிய விட்டுருவேன்" என்றாள். வருகிறேன், இதோ வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

தொலைபேசியை எடுத்தவர் அன்று பணியில் இருந்த, எனக்குத் தெரியாத ஓர் அதிகாரி. என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டார், என் எண்ணைக் கேட்டார். கர்னல் கூட்டத்தில் இருக்கிறார் என்றார். கூட்டத்திலிருந்து கூப்பிடுங்கள் என்றேன். காத்திருக்கச் சொன்னார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மூன்று நாற்பதுக்குக் கர்னல் குரல் கேட்டது.

"உணவுப் பிரிவு, பதினேழு. அதை நான் திரும்பப் பெறுகிறேன்" என்றேன்.

"காரணம்?"

திறந்த தொலைபேசியில் திட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது. "என் ஊரைப் பற்றி நான் சொன்னது உண்மை இல்லை."

"முழுவதுமா?"

"பாதி. நான் பார்க்காத பாதி."

"இப்போது நிறுத்தினால் இரண்டு நாள் தாமதம். அங்கே அவர்கள் இரண்டு நாள் கூடுதலாகப் பட்டினி கிடப்பார்கள். அது உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அந்த மேடுகளில் எத்தனை நாளுக்கு மாவு இருக்கிறது என்று கணக்குப் போட்டவனே நான்தான். இரண்டு நாள் பசியில் யார் யார் போவார்கள் என்று எந்தக் கணக்கிலும் வராது. "தெரியும். நிறுத்துங்கள்" என்றேன்.

"புதிய பத்தியை யார் எழுதுவார்கள்?"

"அன்றைக்கு நோட்டை மூடினாரே, அவர்."

சரி என்று வைத்துவிட்டார். அக்கா ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்து முடித்த பிறகுதான் பின்வாசல் ஞாபகம் வந்தது. 

கோயிலுக்குத் திரும்பியபோது கிடாரங்களைக் கழுவப் போட்டிருந்தார்கள். அவள் இல்லை. அவள் முறை வருவதற்குள் கறி தீர்ந்துவிட்டது, வெறும் சோறாவது போடுகிறேன் என்றதற்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள் என்றார் அத்தான்.

விடுப்பை முறித்துக்கொண்டு திரும்பிப் போனேன். அந்தப் பெண்மணி எழுதிய பத்தி ஆணையில் ஏறியது. ஒவ்வொரு மையத்திலும் வராதவர்களின் பங்கை முதலில் ஒதுக்க வேண்டும், அதற்கென்று தனி வாசல் வேண்டும், எந்த நிலையிலும் அதை மூடக் கூடாது. படைகள் இரண்டு நாள் தாமதமாகப் போயின. எந்த மையத்திலும் ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை என்று அறிக்கை வந்தது. அந்த இரண்டு நாளைப் பற்றி அறிக்கையில் எதுவும் இல்லை. கர்னல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த வருட அசனத்துக்கும் விடுப்புக் கிடைத்தது. பின்வாசலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஜெபம் முடிந்ததும் முதல் கிடாரத்தை இறக்கிவைத்து, நானே அகப்பையைப் பிடித்தேன். வாளி வாளியாக வந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கென்று கறியில் நல்ல துண்டுகளாக ஒரு சட்டியில் தனியாக எடுத்து வைத்திருந்தேன், ஒளிப்பானேன்.

இரண்டு மணிக்கு மேல் வந்தாள். பந்தியில் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு, என்னைப் பார்க்கத்தான் வந்திருந்தாள். கையில் வாளி இல்லை.

"வாளி எங்க?" என்றேன்.

"அவரு மாசியில போயிட்டாருல்லா. நீ இல்ல, ஒனக்குத் தெரிஞ்சிருக்காது."

அகப்பை என் கையிலேயே இருந்தது. எனக்குப் பின்னால் அந்தச் சட்டி மூடியபடி இருந்தது.

"போன வருசம் அவர்ட்ட என்ன சொன்ன?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்னத்தச் சொல்ல. வாசல்ல சத்தம் கேட்டதும் தலையத் தூக்கிப் பாத்தாரு. வாளியக் கவுத்துக் காட்டுனேன். இந்த வருசம் கூட்டம் வல்லாத்த கூட்டம், எனக்குக் கிடைக்கலன்னு சொன்னேன். அடுத்த வருசம் பாப்போம்னாரு." 

அவள் என் தோளுக்கு மேலாக எட்டிக் கிடாரத்தைப் பார்த்தாள். பிறகு தனக்குப் பின்னால் வாளியோடு நின்றவளுக்கு வழி விட்டு ஒதுங்கினாள்.

"ஒனக்க பேரச் சொல்லல" என்றாள்.